விதைத்த முதல் 15 நாள்: குறைந்த தண்ணீரில் பயிரை எழுப்புவது எப்படி?

பருத்தியோ மக்காச்சோளமோ, மாதக்கணக்கில் வளர்கிற பயிர். ஆனால் அந்தப் பட்டத்தில் லாபமா நட்டமா என்பது பெரும்பாலும் முதல் 15 நாளிலேயே முடிவாகிவிடுகிறது. விதை முளைத்து வரிசை நிறைந்து நின்றால் பிழைத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தால் உழவுக் கூலி, விதைக் காசு, உரக் காசு எல்லாம் பாதி மண்ணுக்குள் போன கணக்கு. திரும்ப விதைக்கலாம், அதற்குள் பட்டம் தாண்டிவிடும். பூக்கும் நேரத்தில் மழை நின்றுபோகும்.

அப்படியென்றால் இந்த 15 நாளில் நிறையத் தண்ணீர் விட வேண்டுமா? இல்லை. பயிரின் வாழ்நாளில் மிகக் குறைவாகத் தண்ணீர் கேட்கிற காலம் இதுதான். ஆனால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் சரியான இடத்தில், சரியான நாளில் இருக்க வேண்டும். போரில் தண்ணீர் குறைந்துவரும் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே பெரிய மிச்சம் கிடைக்கும். நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் 2 ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

மதுரையில் எங்கே சிக்கல்?

மதுரை மாவட்டத்தை ஒரே மாதிரி நிலமாகப் பார்க்க முடியாது. 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்தது. 1959-ல் வைகை அணை வந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்கு அப்பால் மேலூர், திருமங்கலம் பகுதிகளில் சுமார் 1,05,000 ஏக்கர் ஒருபோகம். அணையில் தண்ணீர் இருந்தால்தான் அதுவும்.

வாய்க்கால் எட்டாத இடங்களில் நிலைமை வேறு. டி.கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி பக்கம் கரிசல் காடு. பருத்தி, மக்காச்சோளம், சோளம், உளுந்து எல்லாம் மழையையும் போர்த் தண்ணீரையும் நம்பித்தான். மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் செம்மண் அதிகம். மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. அதில் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே 2 வாரம் இடைவெளி விழுந்தால், அப்போதுதான் முளைத்த நாற்று கருகத் தொடங்கும்.

விதைக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

முளைக்கத் தொடங்க மக்காச்சோள விதை தன் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீர் உறிஞ்சினால் போதும். பருத்தி விதைக்குத் தன் எடையில் பாதி அளவு வேண்டும். ஒரு ஏக்கர் விதை மொத்தமும் குடிப்பது சில லிட்டர்தான். மீதித் தண்ணீர் எல்லாம், விதையைச் சுற்றியுள்ள மண்ணை ஈரமாக வைத்திருக்கத்தான்.

முளைத்த பிறகும் தேவை குறைவுதான். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1998-ல் வெளியிட்ட வழிகாட்டியை உலகம் முழுக்கப் பாசனக் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளில் புல்வெளி இழக்கும் நீரை 1 என்று வைத்தால், மக்காச்சோளத்துக்குத் தொடக்கத்தில் 0.3, நடுப்பருவத்தில் 1.2 என்கிறது அது. பருத்திக்குத் தொடக்கத்தில் 0.35. அதாவது இளம் பயிரின் தேவை வளர்ந்த பயிரின் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நிலம் முழுவதையும் அடிக்கடி நனைத்தால் இந்த 0.3 என்பது 1-ஐத் தொட்டுவிடும். காரணம், வெயில் நேரடியாக வெற்று மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். பயிர் குடிக்காத தண்ணீரை வானம் குடித்துவிடும். சிறிய பயிருக்கு விடுகிற தண்ணீர் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

மொத்த நிலமா, விதை வரிசை மட்டுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரம் தண்ணீர் நின்றால் அது சுமார் 4,047 லிட்டர். பாத்தி கட்டி 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டருக்கு மேல். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் சொன்னால் 17 லாரி.

இப்போது வரிசைக்கு வரிசை 60 செ.மீ. இடைவெளி, அதில் விதை விழும் 20 செ.மீ. பட்டையை மட்டும் 30 மி.மீ. அளவுக்கு நனைப்பதாக வைத்துக்கொள்வோம். தேவை சுமார் 40,000 லிட்டர். மூன்றரை லாரி. போகிற வழியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும் வித்தியாசம் மிகப் பெரியது. வரிசைப் பயிரின் பெரிய வசதியே இதுதான்: விதை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

சால் வழியாகப் பாய்ச்சும்போது கவனிக்க வேண்டியவை

சொட்டுநீர் போட வசதி இல்லாதவர்களும் தண்ணீரை மிச்சம் பிடிக்க முடியும். பார் பிடித்து, சாலில் மட்டும் தண்ணீர் விடுவது முதல் படி. விதையைப் பாரின் உச்சியில் ஊன்றாமல், ஒரு பக்கச் சரிவில், ஈரம் ஏறிவரும் மட்டத்தில் ஊன்ற வேண்டும். உச்சி சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொரு காரணம் உப்பு. போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், ஈரம் மேலே ஏறும்போது உப்பும் சேர்ந்து ஏறிப் பார் உச்சியில் படிந்துவிடும். இளம் வேருக்கு அது ஆகாது.

கரிசல் மண் தண்ணீரைப் பக்கவாட்டில் நன்றாகக் கடத்தும். அதனால் பயிர் நிலைகொண்ட பிறகு ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சலாம்; அடுத்த முறை விட்ட சாலுக்கு. விதைத்த உடனே இதைச் செய்தால், ஈரச் சாலிலிருந்து தள்ளியிருக்கும் விதை முளைக்காமல் போகலாம்.

விதைத்ததும் ஒரு தண்ணீர், மண்ணைப் பொறுத்து 3 முதல் 5 நாளில் 'உயிர்த்தண்ணி' என்பது வழக்கம். உயிர்த்தண்ணியின் வேலை மேல்மண்ணை இளக்கி முளையை வெளியே விடுவது. அது மெல்லிய நனைப்பாக இருந்தால் போதும். கரிசலில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

சொட்டுநீர்: முளைப்பில் மட்டும் ஏன் தகராறு?

1965-ல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸில் தொழிலாகத் தொடங்கிய நவீன சொட்டுநீர் முறை இன்று மதுரை மல்லிகைத் தோட்டம் வரை வந்துவிட்டது. வளர்ந்த செடிக்கு இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. விதையை முளைக்க வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

காரணம் மண்ணுக்குள் தண்ணீர் பரவும் விதம். கரிசலில் சொட்டு விழுந்தால் ஈரம் அகலமாக விரியும். மணல் கலந்த செம்மண்ணில் நேராகக் கீழே இறங்கிவிடும். 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் இருந்தால் கரிசலில் ஈர வட்டங்கள் ஒன்றோடொன்று சேரும்; செம்மண்ணில் நடுவே காய்ந்த இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியில் விழுந்த விதை முளைக்காது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு:

• விதைப்பதற்கு முன்பே மோட்டாரை ஓட்டி, ஈர வட்டங்கள் சேர்ந்து ஒரு பட்டையான பிறகு விதைப்பது.
• செம்மண்ணுக்கு 30 அல்லது 40 செ.மீ. இடைவெளியில் டிரிப்பர் உள்ள குழாயைத் தேர்ந்தெடுப்பது. விதையைக் குழாய்க்கு நெருக்கமாக ஊன்றுவது.
• முளைக்கும் வரை தெளிப்பான் அல்லது மழைத்தூவான், பிறகு சொட்டுநீர் என்று பிரித்துக்கொள்வது.

இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு குழாய் ஓடும் இணைவரிசை நடவில் குழாய்ச் செலவு பாதியாகும். 1.2 மீட்டருக்கு ஒரு குழாய், 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால், ஏக்கருக்குச் சுமார் 5,600 டிரிப்பர்கள், மணிக்குச் சுமார் 22,500 லிட்டர். புல்வெளி இழப்பு நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் இளம் மக்காச்சோளத்தின் அன்றாடத் தேவை சுமார் 6,000 லிட்டர். அதாவது கால் மணி நேர ஓட்டம். தினமும் 2 மணி நேரம் ஓட்டினால் அது சொட்டுநீர்க் குழாய் வழியாக நடக்கும் வெள்ளப் பாய்ச்சல்தான்.

மழைத்தூவானுக்கும் ஓர் எச்சரிக்கை. பெரிய துளிகள் செம்மண்ணில் அடித்தால், காய்ந்ததும் மேலே ஓடு போல இறுகிவிடும். முளை அதைக் கிழித்து வர முடியாது. நுண்துளித் தெளிப்பானும், மேல்மண்ணில் கலந்த தொழு உரமும் இதைக் குறைக்கும்.

போரே இல்லாத மானாவாரிக்கு?

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். கரிசல் மானாவாரிக்கு முக்கியமானது புரட்டாசிப் பட்டம். தெற்கே கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இப்போது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. இந்த நிலங்களுக்குப் பல்கலைக்கழகம் சொல்வது பருவமழைக்கு முந்தைய விதைப்பு. மழைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, காய்ந்த மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் விதைத்துவிட வேண்டும். லேசான தூறல் அந்த ஆழத்தை எட்டாது. விதை ஏமாந்து முளைக்காது. 20 முதல் 25 மி.மீ. மழை பெய்தால்தான் ஈரம் இறங்கும். அந்த ஈரம் நாற்றைச் சில நாள் தாங்கும். மழைக்குப் பிறகு கரிசலில் கால் வைக்க முடியாமல் நாள் கடத்துவதும் மிச்சம்.

இதோடு விதையைக் கடினப்படுத்துவதும் உண்டு. சோள விதையை 2 சத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், அதாவது லிட்டருக்கு 20 கிராம், 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்துவார்கள். முளைப்பு வேலையைத் தொடங்கி நிறுத்திவைத்தது போல. ஈரம் கிடைத்ததும் வேகமாக எழும். கம்பெனி மருந்து கலந்து பாக்கெட்டில் வரும் விதையை இப்படி ஊறவைக்கக் கூடாது.

மூன்றாவது, பண்ணைக் குட்டை. 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் அதிகபட்சம் 6 லட்சம் லிட்டர். கரைச் சரிவு, ஆவியாதல் கழித்துப் பாதி மிஞ்சினாலும், வரிசையை மட்டும் நனைக்கும் கணக்கில் 7 ஏக்கருக்கு ஓர் உயிர்த்தண்ணி கிடைக்கும். மழை இடைவெளியில் கருகும் பயிருக்கு அந்த ஒரு தண்ணீர்தான் வாழ்வா சாவா.

மானியம் எவ்வளவு?

நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீத மானியம் தரப்படுகிறது. அரசு நிர்ணயித்த விலை வரம்புக்குள்தான் இது. 'உழவன்' செயலியிலேயே பதிவு செய்யலாம். சிட்டா, அடங்கல், ஆதார், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வடிவமைப்புப் போடும்போது மண் வகையையும் பயிரின் வரிசை இடைவெளியையும் சொல்லி, டிரிப்பர் இடைவெளியைக் கேட்டு வாங்குவது முக்கியம். எல்லா நிலத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது.

மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது?

குழாய் போட்டால் மட்டும் நிலத்தடி நீர் உயர்ந்துவிடாது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். மிச்சமான தண்ணீரில் இன்னும் 2 ஏக்கர் சேர்த்துப் பயிரிட்டால், அந்த விவசாயிக்கு வருமானம் கூடும். போரிலிருந்து எடுக்கும் அளவு குறையாது. பராமரிப்பும் சும்மா வராது. உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைக்கும். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும். களை எடுக்கவும் உழவு ஓட்டவும் குழாயைச் சுருட்ட வேண்டும்.

ஆனாலும் முதல் 15 நாளில் செய்ய வேண்டியவற்றில் பலவற்றுக்குப் பணமே தேவையில்லை. விதையைப் பாரின் சரிவில் ஊன்றுவது, ஈரப் பட்டை சேர்ந்ததைப் பார்த்து விதைப்பது, மோட்டாரை மணிக்கணக்கில் விடாமல் நிமிடக் கணக்கில் ஓட்டுவது. விரலால் 5 செ.மீ. தோண்டி மண்ணை உருட்டிப் பார்த்தால் போதும். உருண்டை பிடித்தால், அன்றைக்கு மோட்டாரைப் போட வேண்டியதில்லை.