சம்பள நாள் இரவும் ரோட் புளோக்கும்



சென்ற மாதம் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "ஐயா, சம்பளம் போட்ட வாரமாப் பார்த்து மெயின் ரோட்டிலே ரோட் புளோக் போடுறாங்க. நம்மள மாதிரி மோட்டார் சைக்கிள்காரனைத்தான் நிறுத்துறாங்க. இது ஏழை வயித்துல அடிக்கிற வேலைதானே?"

பக்கத்தில் இருந்தவர், "அதுக்குத்தான் நாங்க செம்பனைக் காட்டு உள்பாதையிலே வந்துடுவோமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஓரமாக நின்ற ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் அதே உள்பாதையில்தான், இரவில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரில் மோதி இறந்தார் என்று பிறகு சொன்னார்கள். அன்று அவரும் குடித்துவிட்டுத்தான் வந்தாராம்.

அந்த இளைஞர் கேட்டது நியாயமான கேள்வி. ஆகவே இந்த மாதச் சுகாதாரப் பகுதியில் அதற்கே பதில் எழுதுகிறேன். குடிக்கலாமா, கூடாதா என்று இங்கே வாதாட வரவில்லை. குடித்த கை வண்டிச் சாவியைத் தொடலாமா என்பதுதான் கேள்வி.

மது உடம்பில் என்ன செய்கிறது?

குடித்த மது வயிற்றிலும் குடலிலும் இருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே முதலில் கெடுவது கால் அல்ல, நாக்கும் அல்ல. யோசித்து முடிவு செய்யும் புத்திதான் முதலில் மழுங்குகிறது. அதனால்தான் குடித்தவர், "எனக்கு ஒண்ணுமில்லை, நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தான் நிதானமாக இல்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளையே போதையில் இருக்கிறது!

அதன் பிறகு கண்ணும் கையும் தாமதமாகின்றன. எதிரே வரும் லோரியின் விளக்கு கண்ணில் அடித்தால் பார்வை தெளியக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மாடு குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்தக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. காருக்கு நான்கு சக்கரம். மோட்டார் சைக்கிளோ இரண்டு சக்கரத்தில், ஓட்டுபவரின் சமநிலையை நம்பி ஓடுவது. மது அந்தச் சமநிலையையே கெடுக்கிறது. நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். அவர்கள் எல்லாரும் குடித்தவர்கள் என்று சொல்லவில்லை. நாம் ஏறும் வண்டி எப்படிப்பட்டது என்பதை நினைவுபடுத்துகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

மலேசியாவில் 2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை எல்லை இருந்தது. இப்போது 50 மில்லிகிராம்தான். ஊதும் மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்த எல்லை 22 ஆகக் குறைந்தது.

இது எவ்வளவு பீர்? 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண், 5 சதவிகித மது உள்ள பெரிய பாட்டில் பீர் ஒன்றை வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால், இரத்தத்தில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் ஏறிவிடும். ஒரே பாட்டில், எல்லை தாண்டியாயிற்று! சம்சு போன்ற கடும் மது என்றால் சின்னக் குப்பியே போதும். பெண்களுக்கு அதே அளவில் இன்னும் கூடுதலாக ஏறும். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு கொஞ்சம் மாறும். ஆகவே "இவ்வளவு குடிச்சா பிடிபட மாட்டோம்" என்று அளந்து குடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஏறியது எப்போது இறங்கும்? ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். கோப்பி குடித்தாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும் ஈரல் அவசரப்படாது. தூக்கம் போகலாம், போதை போகாது.

சம்பள நாள் இரவு 9 மணிக்கு ஆரம்பித்து மூன்று பெரிய பாட்டில் முடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் புறப்படும்போதும் அவர் இரத்தத்தில் 60 மில்லிகிராம் அளவுக்கு மது இருக்கக்கூடும். தூங்கி எழுந்து, பல் விளக்கி, திருநீறு பூசி வந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் குடித்த ஓட்டுநர்தான். டிராக்டரும் லோரியும் ஓட்டும் தோழர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அந்த ஊதும் மெஷின்

"பான் போட்டுக்கிட்டா தெரியாது, மிட்டாய் சாப்பிட்டா வாடை வராது" என்று சிலர் சொல்வார்கள். மெஷின் வாடை பார்ப்பதில்லை. இரத்தத்தில் உள்ள மது, நுரையீரலின் அடியில் உள்ள காற்றிலும் கலந்து வெளியே வருகிறது. நீட்டி ஊதச் சொல்வது அந்த அடிக்காற்றைப் பிடிக்கத்தான். மெஷினுக்குள் மது பட்டதும் சிறிய மின்சாரம் உண்டாகும். மது கூடினால் மின்சாரம் கூடும், எண்ணும் கூடும். மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாலையில் ஊதியதில் மது தெரிந்தால் போலீஸ் நிலையத்தில் மறுபடியும் ஊத வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இரத்தமோ சிறுநீரோ எடுத்துச் சோதிப்பார்கள். தகுந்த காரணம் இல்லாமல் ஊத மறுப்பதும், இரத்தம் கொடுக்க மறுப்பதும் தனிக் குற்றம். ஓடும் வண்டியில்தான் பிடிபட வேண்டும் என்பதில்லை. போதையில் வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதும் குற்றம்தான்.

எல்லை தாண்டியது நிரூபணமானால், முதல் முறைக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் லைசென்ஸ் போய்விடும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மிகக் குறைந்த அபராதமே அந்தச் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஆறு மாதம்! போதையில் ஓட்டி ஓர் உயிரைப் போக்கினால், முதல் முறைக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். ரோட் புளோக்கைக் கண்டதும் வண்டியைத் திருப்பி ஓடாதீர்கள். எதிரே வரும் வண்டியில் விழுந்தால் அபராதத்தோடு முடியாது. மரியாதையாக நில்லுங்கள். பணம் நீட்டாதீர்கள், லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கைது செய்தால் எதற்காக என்று தெரிந்துகொள்ளவும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.

ரோட் புளோக் எதற்கு?

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம். ரோட் புளோக் பத்துப் பேரைப் பிடித்து அபராதம் போடத்தானா? இல்லை. அதன் பெரிய பலன், அங்கே பிடிபடாத ஆயிரம் பேரிடம்தான் இருக்கிறது.

பிரிட்டனில் 1967 அக்டோபரில் ஊதும் சோதனை வந்தது. முதல் ஆண்டிலேயே சாலைச் சாவுகள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. ஆனால் நாளாக நாளாக, சோதனையில் மாட்டுவது அபூர்வம் என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். பயம் விட்டது. குடித்து ஓட்டுவது மறுபடியும் கூடியது. சட்டம் அதே சட்டம்தான்!

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைப் பாருங்கள். இன்று நமக்குள்ள அதே 50 மில்லிகிராம் எல்லையை அவர்கள் 1980 டிசம்பரிலேயே கொண்டு வந்தார்கள். சாலைச் சாவு கொஞ்சம்தான் குறைந்தது. 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் எங்கேயும் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனையை ஆரம்பித்தார்கள். 1982இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 1,253 பேர். அடுத்த ஆண்டில் அது 966 ஆனது. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தண்டனை பெரியதாக இருந்தால் மட்டும் போதாது. "இன்றைக்கு மாட்டுவேன்" என்ற எண்ணம் மனதில் நிற்க வேண்டும். அது நின்றால், ஆள் முதல் கிளாஸைத் தொடும் முன்பே, "வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று யோசிக்கிறான். புத்தி மழுங்கும் முன்பே முடிவு எடுக்கிறான். ரோட் புளோக்கின் உண்மையான வேலை அதுதான்.

அந்த வேலையைச் செய்பவரும் ஆபத்தில்தான் நிற்கிறார். 2020 மே 3ஆம் தேதி, காஜாங் சிரம்பான் நெடுஞ்சாலை ரோட் புளோக்கில் பணியில் இருந்த ஒரு போலீஸ்காரர், வாகனம் மோதி இறந்தார். ஓட்டியவர் குடித்திருந்தார் என்று சந்தேகிக்கப்பட்டது. இறந்தவரும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்தான், தோழர்களே.

மோட்டார் சைக்கிள்காரரை மட்டும் நிறுத்திக் காரை விட்டுவிட்டால் அது தவறு. அதைச் சங்கத்தில் சொல்லுங்கள், பேசுவோம். ஆனால் காருக்கும் சோதனை வேண்டும் என்று கேட்பது வேறு, நமக்குச் சோதனையே வேண்டாம் என்பது வேறு.

போலீஸ் வராத பாதையில்

செம்பனைக் காட்டுக்குள் ரோட் புளோக் இல்லை. அங்கே விளக்கும் இல்லை. மழை பெய்தால் செம்மண் வழுக்கும். வழியில் குலை கிடக்கும், டிரெய்லர் நிற்கும். விழுந்தால் பார்க்க ஆள் இல்லை, ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். போலீசைத் தப்பித்து நாம் போய்ச் சேரும் இடம் இதுதான்.

ஆகவே தோட்டத்துக்குள் ரோட் புளோக்கை நாமே போட வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பது இன்னொன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றார்கள். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் உரிமையையும், போதையிலிருந்து விடுதலையையும் நம் முன்னோர் சேர்த்தே கேட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை இவை:

1. குடிக்கப் போகிற இடத்துக்கு வண்டியில் போகாதீர்கள். வண்டி பக்கத்தில் இருந்தால் கை சாவியைத் தேடும்.

2. கல்யாணம், திருவிழா, சம்பள நாள் என்றால் கூட்டத்தில் ஒருவர் அன்று குடிக்காமல் இருக்கட்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே மோட்டார் சைக்கிளில் எல்லாரையும் கொண்டுபோக முடியாது. ஆகவே கார் உள்ளவரைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே படுத்துவிடுங்கள்.

3. விருந்து வைக்கும் வீட்டுக்காரர் வாசலிலேயே சாவிகளை வாங்கி வைக்கட்டும். "அண்ணே, சாவி காலையிலே தர்றேன், இப்போ பாயைப் போட்டுத் தர்றேன்" என்று சொல்வதில் அவமரியாதை இல்லை. குடித்த பின் கேட்டால் சண்டை வரும். குடிக்கும் முன் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

4. தாய்மார்களே, குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் ஏறாதீர்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைக்கவும் விடாதீர்கள். அவர் கோபப்பட்டால் விடியும்வரை கோபப்படட்டும்.

5. தினமும் குடிக்காமல் இருக்க முடியவில்லை, காலையில் கை நடுங்குகிறது என்றால் அது நோய். வெட்கப்படாமல் அரசாங்கக் கிளினிக்குப் போங்கள். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் பார்வையில் நிறுத்துவதே நல்லது.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: மெயின் ரோட்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துவது, நீ வண்டியை எடுத்த பிறகு. நாங்கள் உன் சாவியைக் கேட்பது, நீ வண்டியை எடுக்கும் முன்பு. இரண்டும் உன்னை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். அடுத்த சம்பள நாளுக்கு முன்பே உங்கள் லயத்தில் கூடிப் பேசி, சாவியை யார் வாங்கி வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.