சமையலறை மேசையில் ஒரு பேரேடு



பி.காம். பட்டம் பெற்று, மணமானபின் மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்து, சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டவர்கள் நம்மிடையே அநேகர். கைக்குழந்தையை விட்டுவிட்டு மின்ரயிலில் நெரிசலில் வேலைக்குப் போக இயலவில்லை. ஒரே சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அடங்குவதுமில்லை. இப்படிப்பட்டோர் வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் ஒன்று உண்டு. சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதே அது. தையலையும் டியூஷனையும் பற்றிப் பேசுகிற நாம் இதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

தாராவியில் தோல் பை தைத்து விற்கும் ஒரு சிறு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முழுநேரக் கணக்கரை அமர்த்த அவருக்கு வசதியில்லை. பில்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் அந்தப் பையை ஆண்டு முடிவில் ஆடிட்டரிடம் கொட்டினால் போதும் என்ற காலம் போயிற்று. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவராயின், விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரியோடு கூடிய 3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் அனுப்பியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி.

இதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நேரிடும். நம் கடைக்காரர் ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு வாங்கி, 18 விழுக்காடு வரியாக 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறார் என்போம். அத்தொகையைத் தம் விற்பனை வரியில் அவர் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்ற மொத்த வியாபாரி அந்தப் பில்லைத் தம் கணக்கில் காட்டாவிட்டால் கழிக்க இயலாது; கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி இணையதளத்தில் உருவாகும் 2பி பட்டியலையும் கையிலுள்ள கொள்முதல் பில்களையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவரே இதைக் கண்டுபிடிப்பார். உடனே மொத்த வியாபாரிக்குத் தொலைபேசியில் நினைவூட்டினால் அடுத்த மாதமாவது கிடைத்துவிடும். கவனியாமல் விட்டு, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-உம் கடந்துவிட்டால் அந்த 18,000 போனது போனதுதான். உங்கள் ஊதியம் தட்டச்சு செய்வதற்கன்று, இந்த ஒப்பிடுதலுக்கே என்பதை நினைவில் வையுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு கணினியும் இணைய இணைப்பும் வேண்டும். டாலி மென்பொருளைப் பழகுவதற்கு அதன் கல்விப் பதிப்பே போதும். கல்லூரியில் கற்ற பற்று வரவு விதிகள் மாறவில்லை. வரி விகிதங்கள் மாறியிருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டன. ஆகவே பழைய குறிப்பேட்டை நம்பாதீர்கள். முதல் மூன்று மாதம் ஒரே ஒரு கடையின் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை விற்றுமுதலைப் பார்த்துச் சொல்லாமல், மாதத்திற்கு எத்தனை பில் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். உறவினர் கடைக்கு இலவசமாகச் செய்வது ஆரம்பத்திலேயே வேண்டாம். பின்பு கேட்பது கடினம்.

உங்கள் எல்லையையும் அறிந்திருப்பது அவசியம். தணிக்கை செய்து கையொப்பமிடுகிற அதிகாரம் பட்டயக் கணக்காளருக்கே உரியது. நீங்கள் கணக்கை ஆயத்தம் செய்கிறீர்கள். உரிமையாளர் பார்த்து, தம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு தாமே தாக்கல் செய்யட்டும். அவருடைய வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கவும் வேண்டாம், அவரே கொடுத்தாலும் வாங்கவும் வேண்டாம். வரிப்பணம் ஒரு நாளும் உங்கள் கணக்கின் வழியாகப் போகலாகாது.

ஒருநாள் அவர், "சரக்கு வரவில்லை, பில் மட்டும் வாங்கியிருக்கிறேன், ஏற்றிவிடம்மா" என்பார். சிரித்த முகத்தோடுதான் சொல்வார். பொருள் கைமாறாமல் பில் மட்டும் காட்டி வரியைக் கழிப்பது சட்டப்படி குற்றம். உடந்தையாயிருப்பவரும் தப்ப முடியாது. அந்த வீட்டு வாடகைக்கு அவர் தரும் தொகையையே நீங்கள் நம்பியிருக்கலாம். ஆயினும் மறுத்துவிடுங்கள். மறுப்பதற்கு வலிமை வேண்டுமென்றால், ஒரே வாடிக்கையாளரை நம்பி நில்லாமல் இரண்டாவது கடையை ஆறு மாதத்திற்குள் சேர்த்துக்கொள்வது நலம்.

அவர் வேறொருவரிடம் சென்றால், பில்களையும் கணினிப் பிரதியையும் முறையாக ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள். ஆண்டறிக்கைக்குரிய தேதியிலிருந்து 72 மாதங்கள் அவற்றைக் காத்து வைக்கும் பொறுப்பு அவருடையது. என்றோ நோட்டீஸ் வரும்போது உங்களைத் தேடி வருவார். அந்த ஒற்றைத் தாள் அன்றைக்கு உங்களிடம் இருக்க வேண்டும்.