வேதாளருக்குக் கண் திறக்கலாமா?

போன வருடம் தவறிய என் மாமாவின் அலமாரியிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு பொருள்: கையால் வர்ணம் பூசிய ஐந்தங்குல வேதாளர் சிலை. முத்து காமிக்ஸில் 'வேதாளர்', ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்று நாம் படித்த அதே ஃபேண்டம்தான். (இரும்புக்கை மாயாவி வேறு ஆள், குழப்பிக்க வேண்டாம்.) தோளிலும் முதுகிலும் வர்ணம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. சரி, புதுசாக்கி வைப்போமே என்று, பொள்ளாச்சிப் பக்கம் கோயில் சுதைகளுக்கு வர்ணம் பூசும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்: "ஏனுங்க, இதுக்கு இன்னும் கண்ணே தொறக்கலையாட்ட இருக்குதுங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம்ம ஊரில் முனியப்பனோ கன்னிமாரோ, எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கருவிழி எழுதுவார்கள். அதுவரை அது வெறும் மண், சிமெண்ட். கண் திறந்த பிறகுதான் சாமி. வேதாளரின் முகமூடியிலோ வெறும் வெள்ளைதான், கருவிழியே கிடையாது.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1936 பிப்ரவரி 17-ல் செய்தித்தாள் தொடராக வேதாளரைத் தொடங்கிய லீ ஃபாக், கருவிழியில்லாத கிரேக்கச் சிலைகளைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வெற்றுப் பார்வை மனிதத்தன்மைக்கு அப்பாற்பட்ட ஒரு மிரட்சியைத் தரும் என்பது அவர் கணக்கு. 'நடமாடும் ஆவி'க்குப் பொருத்தம்தானே!

வேடிக்கை என்னவென்றால், கிரேக்கச் சிலைகளுக்கும் கண் இருந்தது. பளிங்கின் மேல் வர்ணத்தில் எழுதியிருந்தார்கள். நூற்றாண்டுக் கணக்கான வெயிலிலும் மழையிலும் மண்ணுக்கடியிலும் அது உதிர்ந்துபோனது. சிலைகளில் ஒட்டியிருந்த வர்ணத் துணுக்குகளை ஆராய்ந்து, அவை முதலில் எப்படி இருந்திருக்கும் என்று வண்ணப் பிரதிகள் செய்து 2003-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு கண்காட்சியே வைத்தார்கள். பார்த்தால் நம்ம ஊர்க் கோபுரம் மாதிரி சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக இருக்கும். ஆக, வேதாளரின் பார்வை, வர்ணம் உதிர்ந்த சிலைகளிடமிருந்து வந்த பார்வை.

உடையின் நிறமும் இப்படித்தான். ஃபாக் மனதில் வைத்திருந்தது சாம்பல் நிறம். தினசரித் தொடர் கருப்பு வெள்ளை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அது ஊதாவாக அச்சானது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. நான் படித்த இதழ்களின் உள்பக்கங்கள் கருப்பு வெள்ளை; நிறத்தை நானே மனதில் பூசிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட சிலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1944-ல் அமெரிக்காவில் வேதாளர் உள்ளிட்ட தொடர்கதைப் பாத்திரங்களை, மரக்கூழை அச்சில் அழுத்தி, மேலே வர்ணம் பூசிச் சிறு பொம்மைகளாகச் செய்தார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றை 'சிரோகோ' என்பார்கள். இரண்டாயிரங்களில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் அதே பாணியில் ஒரு வரிசையே வெளியிட்டது. சேகரிப்பாளர்களிடம் ஒரு கறாரான விதி உண்டு: முதலில் பூசிய வர்ணத்தின் மேல் கை வைக்காதே. மறுபடி பூசினால் மதிப்பு போச்சு.

பெரியவரின் விதி நேர் எதிர். நோம்பிக்கு நோம்பி முனியப்பனுக்கு வர்ணம் பூசியாகணும். மங்கலாக விட்டால்தான் குற்றம். இன்னொரு வழியும் நம்மிடமே இருக்கிறது. உடுமலைப்பேட்டை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், மாட்டுப் பொங்கல் சமயத்தில் கால்நடை நலனுக்காக மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களை வைப்பார்கள். உருவாரத்துக்கு வர்ணம் மங்குவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வைத்ததோடு வேண்டுதல் முடிந்தது. அடுத்த வருடத்துக்குப் புது மண், புது மாடு.

அப்படியென்றால் என் கையில் இருப்பது எது? விற்கப்போவதில்லை, அதனால் சந்தை மதிப்பு எனக்குப் பொருட்டில்லை. கும்பிடப்போவதுமில்லை. யோசித்துக்கொண்டே சிலையைக் கையில் எடுத்தேன். என் கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் தேய்ந்த தோளில் உட்கார்ந்தது, மற்ற விரல்கள் முதுகில். அப்போதுதான் உறைத்தது. அது தானாக உதிர்ந்த வர்ணமில்லை. மாமா தினமும் எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த வர்ணம். அதன் மேல் பூசிவிட்டால் அந்த விரல்கள் போய்விடும்.

"வேண்டாமுங்க, இப்படியே இருக்கட்டும்" என்றேன். பெரியவர் சிரித்தார். "கண்ணு மட்டுமாச்சும் தொறந்து உடட்டுங்களா?"

அதுவும் வேண்டாமென்றுவிட்டேன். இப்போது என் மேஜையில், அதே வெற்றுப் பார்வையோடு நிற்கிறார்.

உங்கள் மனதில் வேதாளர் என்ன நிறம்? ஊதா என்று அவசரப்பட்டுச் சொல்லாமல், கொஞ்சம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள்.