ஊர்ப்பெயரும் நகைப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகில் பிளவக்கல் அமைந்துள்ளது. பெரியாறு, கோவிலாறு ஆகிய இரு நீர்த்தேக்கங்களும் சேர்த்துப் பிளவக்கல் அணை என வழங்கப்பெறுகின்றன. அணைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர் கூமாபட்டி. 2025ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் அவ்வூரைப் புகழ்ந்து வெளியிட்ட காணொலி தமிழகமெங்கும் பரவியது. அவர் கூறியவற்றுள் மிகையும் கலந்திருந்தது. எனினும், கேட்டவர் நெஞ்சில் நின்றது ஊரின் பெயரே. ‘இப்படியும் ஓர் ஊரா?’ என்று நகைத்தவாறே பலர் அதனைத் தேடி வந்தனர்.

ஊர்ப்பெயர் கேட்டு நகைப்பது புதிய வழக்கமன்று. விருதுநகர் மாவட்டத்தின் பேருந்துப் பலகைகளைப் படித்துக்கொண்டே சென்றால் நகைப்புக்குக் குறைவிராது. ஆவியூர் என்றால் பேய் உலவும் ஊரோ என்பர். எரிச்சநத்தம் என்றால் அங்குள்ளோர் எரிச்சல் மிக்கவரோ என்பர். காரியாபட்டிக்குப் போனால் காரியம் கைகூடும் என்பர். பிளவக்கல்லையும் விடுவதில்லை. ‘பிளவை’ என்னும் கட்டியின் பெயர் அதில் ஒலிப்பதாகக் கேலி பேசுவோர் உண்டு.

நகைப்பு எங்கிருந்து பிறக்கிறது?

பெயர் பிறந்த காலத்தில் அதைக் கேட்டு எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். சொல்லின் பழம்பொருள் மறைந்து, இன்று நாம் அறிந்த பொருள் மட்டும் செவியில் படும்போதே நகைப்புப் பிறக்கிறது. ‘ஆவி’ என்னும் சொல்லுக்கு உயிர், நீராவி என்னும் பொருள்களோடு குளம் என்னும் பொருளும் உண்டு. ‘நத்தம்’ என்பது குடியிருப்பு நிலம். வருவாய்த்துறை ஆவணங்களில் இன்றும் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது. இராசபாளையத்திற்குத் தெற்கே உள்ள முறம்பு என்னும் ஊர்ப்பெயர், கேட்போருக்குத் தானியம் புடைக்கும் முறத்தை நினைவூட்டலாம். ஆனால், பருக்கைக்கல் நிறைந்த வன்னிலத்தை ‘முரம்பு’ என்று அகராதி கூறும். சொல்லாராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட தேவநேயப் பாவாணரின் பெயரால் கோட்டம் அமைந்த ஊர் இது என்பது நல்ல பொருத்தமே. அதற்கு அணித்தான சேத்தூர், சேற்றூர் என்பதன் திரிபு. சேற்று வயல் ஒருபுறம், கல்நிலம் மறுபுறம், மலையடியில் பிளந்த கல். மண்ணியல் வரைபடம் இல்லாத காலத்தில் உழவர் எழுதிவைத்த நிலக்குறிப்புகள் இவை. இரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் வெளியிட்ட ‘ஊரும் பேரும்’ என்னும் நூல், இத்தகைய பெயர்களைத் திரட்டி வரலாற்றுச் சான்றாகக் காட்டியது.

மாற்றிய பெயர்கள்

பெயர் மாற்றமும் நம் வரலாற்றில் பழையதே. மறைக்காடு வேதாரண்யம் ஆயிற்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. பொருள் பெயர்ந்து சென்றது, சொல் மறைந்தது. மயிலாடுதுறை, மாயூரமாகி மாயவரமாகத் திரிந்து, 1982இல் தன் பெயரை மீளப்பெற்றது. விருதுபட்டி 1923இல் விருதுநகராயிற்று. ‘பட்டி’ என்னும் எளிய ஈறு, வணிகத்தால் வளர்ந்த ஊருக்குப் போதாது போலும்! 1985இல் அமைந்த இம்மாவட்டத்திற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு இட்ட பெயரையொட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டபோது, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டிய தலைவர் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. பெயர்ப்பலகையை மாற்றுவது வண்ணப்பூச்சு வேலை மட்டுமன்று என்பதை இப்பகுதி மக்கள் பட்டறிந்தவர்கள்.

2020ஆம் ஆண்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளிவந்தது. நோக்கம் நன்றாயினும், எழுத்துக்கூட்டல் பலவற்றின்மீது குறை எழ, சில நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயர் மாற்றம் குறித்து ஒன்றிய உள்துறை அமைச்சகம் 1953இல் நெறிமுறைகளை வகுத்துள்ளது. வரலாற்றுத் தொடர்புடைய பெயரை இயன்றவரை மாற்றலாகாது, உள்ளூர்ப் பற்றையோ மொழியையோ மட்டும் காரணமாகக் கொள்ளலாகாது என்பன அவற்றுள் முதன்மையானவை. பிறர் நகைக்கிறார்கள் என்பதற்காகப் பெயரைக் கைவிட விரும்புவோர்க்கும் இவ்விரண்டும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. வேல்சு நாட்டுச் சிற்றூர் ஒன்று, பயணிகளைக் கவர்வதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் தன் பெயரை 58 எழுத்துகளாக நீட்டிக்கொண்டது. கூமாபட்டி அவ்வளவு துன்பப்பட வேண்டியிருக்கவில்லை.

எனினும், எல்லாப் பெயர்களையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. அரியானா மாநிலத்தில் ‘கந்தா’ என்றோர் ஊர் இருந்தது. இந்தியில் அச்சொல்லுக்கு அழுக்கு என்பது பொருள். அவ்வூர் மாணவி ஒருவர் தலைமை அமைச்சருக்கு மடல் எழுதினார். ஊர் அஜித் நகர் ஆயிற்று. இங்கே முறையிட்டவர் வெளியூரார் அல்லர்; அப்பெயரைச் சுமந்து பள்ளிக்குச் சென்றவர். தமிழகத்திலும், ‘காலனி’ என்னும் சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அச்சொல்லின் அகராதிப் பொருளில் இழிவு ஏதுமில்லை. குடியிருப்பு என்பதே அது. ஏறக்குறைய ‘நத்தம்’ என்பதற்கும் அதுவே பொருள். ஆனால், எரிச்சநத்தத்தைச் சொல்லிச் சிரிப்பவர் அவ்வூராரைத் தம்மினும் தாழ்ந்தவராக எண்ணிச் சிரிப்பதில்லை. காலனி என்ற சொல்லோ, முகவரியில் எழுதப்பட்ட அளவிலேயே எழுதியவரின் சாதியைக் காட்டிக்கொடுத்துவந்தது.