ஆங்கில வீட்டுப்பாடமும் தமிழ்ப் பெற்றோரும்

பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில், ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கு ஏதேனும் பங்கு உண்டா என்னும் வினாவைப் பற்றி இங்கே சிந்திப்போம். மும்பை மாநகரில் வாழும் நம்மவர்க்கு இது நாள்தோறும் எழும் வினா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்தவர்களும், பின்னர் அலுவலகப் பணிகளை நாடி மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியமர்ந்தவர்களும், பிள்ளைகளின் கல்வியே தம் உழைப்பின் பயன் என்று கருதியதில் ஒன்றுபட்டவர்கள். 1932இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது இவ்வார்வத்தின் விளைவே ஆகும்.

மராட்டிய மாநிலப் பள்ளிகளில், எந்த மொழி வழியாகப் பயின்றாலும், 2000ஆம் ஆண்டு முதல் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. ஆகவே தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் சிறுவனும் ஆங்கில வீட்டுப்பாடத்துடனேயே வீடு திரும்புகிறான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதப்பா, டியூஷனில் கேட்டுக்கொள்" என்று தந்தை விலகிக்கொள்கிறார். பணம் கொடுத்து அனுப்பிய டியூஷனிலோ, கைடிலுள்ள விடையை மனப்பாடம் செய்விப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. இதனால் விளையும் நட்டம் மதிப்பெண்ணோடு நிற்பதன்று. தாய்தந்தையரிடம் கேட்டுப் பயனில்லை என்னும் எண்ணம் பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. அவ்வெண்ணம் தவறானது, தமிழறிவே பெருந்துணை செய்ய வல்லது என்பதை இரண்டு துறைகளில் காண்போம்.

முதலாவது, நிறுத்தற்குறிகள். பனையோலையில் எழுதிய நம் முன்னோர் இவற்றைக் கையாளவில்லை. ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவிய காலத்தில், 1490களில், வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனுஷியஸ் வெளியிட்ட நூல்களில் அரைப்புள்ளி உருப்பெற்றது. தமிழ் உரைநடையில் இக்குறிகளைப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்னும் பெயர்களே நிறுத்தத்தின் அளவைக் கூறிவிடுகின்றன. மும்பைப் பிள்ளையோ இந்திப் பாடத்தில் வாக்கிய முடிவுக்கு நேர்கோட்டையும், மராட்டியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் புள்ளியையும் காண்கிறது. குழப்பம் நேர்வதில் வியப்பில்லை.

எனினும் பிழைகளுக்கு முதற்காரணம் குறிகளின் வடிவம் அன்று. தமிழில் சொல்லின் ஈறே செய்யும் வேலையை ஆங்கிலத்தில் குறி செய்கிறது என்பதே காரணம். "வந்தானா?" என்பதில் வினாக்குறியை நீக்கினும் ஆகார ஈறு வினாவை உணர்த்திவிடும். "மழை பெய்து ரயில் நின்றது" என்று எச்சத்தால் இரு செயல்களைக் கோக்கிறோம். "மழை பெய்தது, ரயில் நின்றது" என்று காற்புள்ளியிட்டு எழுதினும் தமிழில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் தனித்தனி வாக்கியங்கள். அவற்றினிடையே முற்றுப்புள்ளியோ, அரைப்புள்ளியோ, காற்புள்ளியோடு கூடிய இணைப்புச் சொல்லோ வேண்டும். பிள்ளையின் கட்டுரையில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் இடங்களில் இது முக்கியமானது.

"என்று" என்னும் நம் சொல்லை எடுத்துக்கொள்வோம். "நான் வருகிறேன் என்று முருகன் சொன்னான்" என்றால், மேற்கோள் குறி இல்லாவிடினும் "நான்" என்பது முருகனைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்வோம். ஆங்கிலத்தில் அதே "ஐ" என்னும் சொல்லை மேற்கோள் குறியின்றி எழுதினால், அது எழுதுகின்ற மாணவனையே குறித்துவிடும். அங்கே மேற்கோள் குறி பேசுபவர் யார் என்பதையே முடிவு செய்கிறது.

"செம்பூரில் இருக்கும் என் மாமா வந்தார்" என்பது மற்றோர் எடுத்துக்காட்டு. மாமா ஒருவரா, பலரா என்பதைத் தமிழ் வாக்கியம் சொல்வதில்லை. ஆங்கிலத்தில், "ஹூ லிவ்ஸ் இன் செம்பூர்" என்னும் தொடரின் இருபுறமும் காற்புள்ளியிட்டால், அவருடைய இருப்பிடம் உடன்சொல்லும் செய்தியாகிறது. மாமா ஒருவரே என்று கொள்ளலாம். இடாவிட்டால், மாமன்மார் பலருள் செம்பூரில் உள்ளவர் என்று பொருள்படும். "உனக்கு எத்தனை மாமா?" என்று தாய் கேட்டாலே போதும், பிள்ளை குறியைத் தானே சரியாக இட்டுவிடும்.

இரண்டாவது, இலக்கியம். ஆங்கிலத் தேர்வில், ஒரு பகுதியைத் தந்து, இதனைக் கூறியவர் யார், யாரிடம் கூறினார், எந்தச் சூழலில் கூறினார் என்று கேட்பது வழக்கம். இது நமக்குப் புதிய வினாவா? தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பகுத்து அகப்பாடலைப் படித்த மரபு நம்முடையது. இடஞ்சுட்டிப் பொருள் விளக்குதல் தமிழ் வகுப்பிலும் உள்ளதுதானே? கதைக்கும் நாம் அந்நியரல்லர். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் "வாணீபுர வணிகன்" எனத் தமிழ் மேடைக்கு ஏற்ப ஆக்கினார். ஹாம்லெட்டை "அமலாதித்யன்" ஆக்கினார்.

மும்பையிலேயே பிறந்து வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் நிசீம் எசக்கியேல் (1924–2004), தேள் கொட்டிய தாயைப் பற்றி ஒரு கவிதை எழுதியுள்ளார். ஊரார் ஒன்று சொல்கின்றனர். எதையும் எளிதில் நம்பாத தந்தையும் அன்று எல்லா மருந்தையும் முயல்கிறார். வலி தணிந்த பின், தேள் தன்னைக் கொட்டிப் பிள்ளைகளை விட்டதே என்று தாய் கடவுளுக்கு நன்றி சொல்கிறாள். இக்கவிதையைப் பிள்ளை தமிழில் சொல்ல, தாய் கேட்டு, "ஊரார் ஏன் அப்படிச் சொன்னார்கள்? அப்பா ஏன் மாறினார்?" என்று வினவட்டும். அவ்விடைகளே தேர்வுக்கு வேண்டிய விடையின் உயிர். அதற்கு ஆங்கில உடலை அளிப்பது மாணவனின் பயிற்சி.

ஆகவே, நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்குவோம். பாடத்தைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். குறியுள்ள இடத்தில் நிற்கிறதா என்று செவிமடுப்போம். கதையைத் தமிழில் சொல்லச் செய்வோம். யார், யாரிடம், ஏன் என்று கேட்போம். எழுதிய பின், வாக்கியந்தோறும் வினைச்சொல்லைச் சுட்டிக்காட்டச் சொல்வோம். ஒரே வாக்கியத்தில் முற்றுவினை இரண்டு தோன்றினால், இடையே உள்ள குறியையும் இணைப்புச் சொல்லையும் மீண்டும் நோக்கச் செய்வோம். விடையை மட்டும் நாம் எழுதித் தரலாகாது. ஆங்கிலம் நன்கு அறிந்த பெற்றோருக்கும் இது பொருந்தும். ஐயம் எஞ்சினால் அதனைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கப் பிள்ளையைப் பழக்குவோம்.

நாம் அறியாத மொழியிலும் நம் பிள்ளைக்கு நாம் துணையாகலாம். கேட்கத் தெரிந்த பெற்றோர் உள்ள வீட்டில், படித்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளை வளரும்.