வண்டியை ஓரங்கட்டச் சொன்னதும் வரும் கோபம்: அபராதத்தின் மீதா, நடத்தையின் மீதா?

சிக்னலைத் தாண்டிய வளைவில் ஒரு கை நீளும். "ஓரங்கட்டு... ஓரங்கட்டு." ஹெல்மெட் தலையில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கட்டியாச்சு. குடிக்கவும் இல்லை. ஆனாலும் பலருக்கு நெஞ்சு ஒருமுறை படபடக்கும். "எதைச் சொல்லி மாட்டிவிடப் போறாங்களோ" என்ற பயம் அது.

தப்பே செய்யாதவருக்கும் ஏன் இந்தப் பயம்? அபராதம் கட்டியவர் தொகையைவிட "எப்படிப் பேசினாங்க தெரியுமா" என்பதையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்? சாலையில் நடக்கும் வாகனச் சோதனையில் போலீஸுக்கு என்ன அதிகாரம், நமக்கு என்ன கடமை, என்ன உரிமை? பார்ப்போம்.

வாகனச் சோதனை தேவைதானா?

தேவைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். ஹெல்மெட் அணியாமல் சென்று இறந்தவர்கள் அதே ஆண்டில் நாடு முழுவதும் 50,029 பேர்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் தீவிரமாக அமலுக்கு வந்தது. மத்திய அரசு 2019-ல் திருத்திய சட்டத்தின் உயர்ந்த அபராதங்கள் இங்கே 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் இல்லாமல் முதல் முறை சிக்கினால் 2,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. முதல் முறை குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 வரை.

ஆக, "எதுக்கு சார் நிறுத்துறீங்க" என்ற கேள்விக்குப் போலீஸிடம் நல்ல பதில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பதில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

அப்படியென்றால் மக்களின் கோபம் எதன் மீது?

டீக்கடையிலும் ஆபீஸ் கேன்டீனிலும் கேட்கும் புகார்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மரியாதை. வயது வித்தியாசம் பார்க்காமல் "வாடா, போடா". மனைவி, பிள்ளைகள் முன்னால் திட்டு. எடுத்த எடுப்பில் வண்டிச் சாவியைப் பிடுங்குவது.

இரண்டாவது, பாரபட்சம். டூவீலரையும் ஆட்டோவையும் நிறுத்தும் கை, பெரிய காரைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறது என்ற எண்ணம். "நான் யாருன்னு தெரியுமா" என்று ஒரு போன் போட்டால் ஆள் தப்பிவிடுவார் என்ற எண்ணம். தனியார் வாகனங்களில் துறைப் பெயர்களை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு சுற்றுவதற்கு எதிராகச் சென்னை போக்குவரத்து போலீஸ் 2024 மே மாதம் நடவடிக்கையில் இறங்கியது. ஸ்டிக்கருக்குச் சாலையில் ஒரு மதிப்பு இருந்ததால்தானே ஒட்டினார்கள்?

மூன்றாவது, பணம். 2018 மே முதல் சென்னையில் ரொக்க அபராதம் நிறுத்தப்பட்டு, கார்டு மூலமும் ஆன்லைனிலும் கட்டும் ஈ-சலான் முறை வந்தது. ஆனாலும் "இவ்வளவு குடுத்துட்டுப் போ" என்ற பேச்சு அடியோடு ஒழிந்துவிட்டதாக மக்கள் நம்பவில்லை.

நான்காவது, மாறிக்கொண்டே இருக்கும் விதி. 2017 செப்டம்பரில் அசல் லைசென்ஸை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே, செல்போனில் காட்டினால் போதும் என்று மத்திய அரசு சொன்னது. எது விதி என்று ஓட்டுபவருக்குக் குழப்பம். சில இடங்களில் நிறுத்துபவருக்கும்தான்.

இந்த நான்கில் ஒன்றுகூட "ஏன் அபராதம் போட்டாங்க" என்பது இல்லை.

நடத்தை அவ்வளவு பெரிய விஷயமா?

உயிர் போகும் அளவுக்குப் பெரிய விஷயம். 2018 மார்ச் 7 அன்று திருச்சி அருகே துவாக்குடியில் ஹெல்மெட் சோதனை நடந்தது. ஹெல்மெட் அணியாத ஒருவர் மனைவியுடன் பைக்கில் வந்தார். போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் அவர்களைத் துரத்திச் சென்று வண்டியை எட்டி உதைத்தார் என்பது வழக்கு. கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். அன்று இரவே ஆயிரக்கணக்கானோர் திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சேலம் மாவட்டத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பைக்கில் வந்தவரைச் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் லத்தியால் அடிக்கும் வீடியோ வெளியானது. அடிபட்டவர் மறுநாள் இறந்தார். எஸ்.ஐ. கொலை வழக்கில் கைதானார்.

தலையைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட் விதி. அந்த விதியை அமல்படுத்தப் போய் ஓர் உயிர் போனால், அடுத்த நாளிலிருந்து அந்த ஊரில் ஹெல்மெட் என்றதும் யாருக்கு எது ஞாபகம் வரும்? இப்படிப்பட்ட சம்பவங்கள் அரிதுதான். ஆனால் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான செல்போன்களில் ஓடுகிறது. நாளை நம்மை நிறுத்தும் போலீஸ்காரரை நாம் அந்த வீடியோ வழியாகத்தான் பார்க்கிறோம்.

போலீஸ் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

*கான்ஸ்டபிள் லைசென்ஸ் கேட்கலாமா?* கேட்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் "கான்ஸ்டபிளுக்கு அதிகாரமே இல்லை" என்ற தகவல் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு, சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது. 'சீருடையில்' என்ற சொல் முக்கியம். ஆனால் அபராதம் விதித்து அங்கேயே விஷயத்தை முடிக்கும் அதிகாரம் எல்லோருக்கும் கிடையாது. எந்த நிலை அதிகாரிக்கு அது உண்டு என்பதை 200-வது பிரிவின் கீழ் மாநில அரசு அறிவிக்கிறது.

*செல்போனில் காட்டினால் போதுமா?* போதும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள லைசென்ஸ், ஆர்.சி. செல்லும் என்று விதி 139 திருத்தப்பட்டுவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் செயலியைத் திறந்தே காட்டுங்கள்.

*சாவியைப் பிடுங்கலாமா?* அப்படி ஓர் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம் எந்தப் பிரிவிலும் பெயர் சொல்லிக் கொடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, பதிவு செய்யாத வண்டி போன்ற காரணங்களுக்காக வண்டியைப் பிடித்து வைக்க 207-வது பிரிவு அனுமதிக்கிறது. அதற்கு முறை இருக்கிறது. ஓடும் வண்டியில் கையை நுழைத்துச் சாவியை இழுப்பது அந்த முறை அல்ல.

*லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?* சில குற்றங்களுக்கு வாங்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், ஹெல்மெட் அணியாதது எல்லாம் அதில் வரும். ஆனால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று 206-வது பிரிவு சொல்கிறது. சீட்டு இல்லாமல் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

*ஊதச் சொன்னால் மறுக்கலாமா?* வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். நியாயமான காரணம் இல்லாமல் ஊத மறுத்தால், அதையே உங்களுக்கு எதிரான ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம்.

*வீடியோ எடுக்கலாமா?* சாலையில் பணியில் இருக்கும் போலீஸ்காரரைப் படம் எடுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே போனை நீட்டி வேலையைத் தடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவில் வழக்கு வரலாம். தள்ளி நின்று எடுப்பது வேறு, மறித்து நின்று எடுப்பது வேறு.

*அடிக்கலாமா, திட்டலாமா?* கூடாது. ஹெல்மெட் இல்லாததற்குச் சட்டம் சொல்லும் தண்டனை 1,000 ரூபாயும் மூன்று மாத லைசென்ஸ் தகுதி நீக்கமும் மட்டுமே. ஒருவர் நிற்காமல் போய்விட்டாலும் நம்பரைக் குறித்துக்கொண்டு சலான் அனுப்ப வழி இருக்கிறது. துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மரியாதையாகப் பேசினால் மட்டும் மாறிவிடுமா?

இதை ஒரு நாட்டில் சோதித்தே பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2009-10-ல், குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் 60 வாகனச் சோதனைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் வழக்கம் போல "ஊதுங்க, போங்க". சில நொடிகளில் முடிந்துவிடும். மறுபாதியில் போலீஸ்காரர் நான்கு விஷயங்களைச் செய்தார். உங்களைத் தனியாகக் குறிவைக்கவில்லை, வரிசையில் வந்ததால் நிறுத்தினோம் என்றார். சாலை விபத்தில் எத்தனை உயிர் போகிறது என்று சொன்னார். உங்கள் பகுதியில் என்ன பிரச்சினை என்று கேட்டார். கடைசியில் நன்றி சொன்னார்.

அதே சோதனை, அதே சட்டம். கூடுதலாகச் செலவானது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டாவது வகையில் நிறுத்தப்பட்டவர்கள் போலீஸை நியாயமானவர்களாகப் பார்த்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய அவர்களின் எண்ணமும் மாறியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தண்டனைப் பயத்தைவிட, தன்னை நியாயமாக நடத்தினார்கள் என்ற உணர்வே சட்டத்தை மதிக்க வைக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் டாம் டைலர் 1990-லேயே எழுதியிருந்தார்.

ஆனால் ஸ்காட்லாந்தில் இதே முறையை முயன்றபோது பலன் கிடைக்கவில்லை. மக்களின் திருப்தி குறைந்தே போனது. எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வைத்தால் மட்டும் போதாது, ஒப்பிப்பவரைத் துறை எப்படி நடத்துகிறது என்பதும் முக்கியம் என்பது அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

போலீஸ் தரப்பில் என்ன சொல்கிறார்கள்?

கேட்க வேண்டிய பக்கம்தான். காமன் காஸ், லோக்நீதி அமைப்புகள் 21 மாநிலங்களில் சுமார் 12,000 போலீஸாரிடம் எடுத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்வது தெரியவந்தது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுமுறை தர வேண்டும் என்ற உத்தரவே 2021-ல்தான் வந்தது.

மே மாத வெயிலில், புகைக்கு நடுவே நிற்கிறார்கள். நிறுத்தினால் பத்தில் சில பேராவது "யாருகிட்ட பேசுறீங்கன்னு தெரியுமா" என்று போனை எடுக்கிறார்கள். சிலர் வண்டியை ஏற்றிவிட்டே போகப் பார்க்கிறார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இது கடுமைக்குக் காரணம் ஆகலாமே தவிர, அனுமதி ஆகாது. 14 மணி நேரம் நின்றவரின் கையில் லத்தியைக் கொடுத்துப் பொறுமையை எதிர்பார்க்கும் அமைப்பையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தவறாக நடந்தால் எங்கே போவது?

இங்கேதான் பெரிய ஓட்டை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த சட்டத்தில் மாநில அளவிலான ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி.யும் உறுப்பினர். போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் துறையின் மேலிடமே விசாரித்தால், சாலையில் அவமானப்பட்டவர் எந்த நம்பிக்கையில் மனு எழுதுவார்?

இருக்கும் வழிகள் இவை. நடத்தை பற்றி மாநகரமென்றால் ஆணையரிடமும், மாவட்டமென்றால் எஸ்.பி.யிடமும் எழுத்தில் புகார் தரலாம். அடி, அவமதிப்பு என்றால் ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதை மறக்காதீர்கள். கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்தார்கள் என்றால் 7 நாட்களுக்குள் புகார் சொல்ல வேண்டும். அபராதமே தவறு என்று நினைத்தால் அங்கேயே கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, நீதிமன்றத்தில் வாதாடலாம்.

எந்தப் புகாருக்கும் தேவை நான்கு தகவல்கள்: இடம், நேரம், அதிகாரியின் பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், சலான் எண். கோபத்தில் வாக்குவாதம் செய்யும் ஐந்து நிமிடத்தைவிட, இவற்றைக் குறித்துக்கொள்ளும் ஒரு நிமிடம் பிறகு கைகொடுக்கும்.

அப்படியானால் மாற வேண்டியது என்ன?

சோதனைகள் குறையக் கூடாது. ஆண்டுக்கு 17,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் சாகும் மாநிலத்தில் அப்படிக் கேட்பதே தப்பு. "வணக்கம், இந்தக் காரணத்துக்காக நிறுத்துகிறோம்" என்ற ஒரு வரி, போலீஸார் உடலில் அணியும் கேமரா, போலீஸுக்கு வெளியே உள்ள ஒரு புகார் ஆணையம் - இந்த மூன்றுக்கும் புதிய சட்டத் தத்துவம் எதுவும் வேண்டாம். முதலாவதற்குச் செலவே இல்லை. இரண்டாவதை 2021-லேயே மத்திய விதிகள் அங்கீகரித்துவிட்டன. மூன்றாவதை உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

போலீஸைப் பார்த்ததும் ஹெல்மெட்டை மாட்டுபவர், அடுத்த தெருவில் கழற்றிவிடுவார். போலீஸ் இல்லாத தெருவிலும் அது தலையில் இருக்க வேண்டும் என்றால், நிறுத்துபவர் மீது ஓட்டுபவருக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும்.