மஞ்சளும் வெள்ளணுக்களும்

தமிழ் மக்களின் வாழ்வில் மஞ்சள் பெற்றுள்ள இடம் மிகப் பெரிது. கறியிற் சேர்வதும், மங்கல வினைகளில் முன் நிற்பதும், காயத்தின் மீது அரைத்து அப்பப்படுவதும் அஃதே. இத்தகைய பொருளைப் பற்றி இக்காலத்து விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியுள்ளனர். அவற்றுட் பல, மஞ்சளின் சாரம் உடலைக் காக்கும் அணுக்களின் மீது யாது செய்கின்றது என்பதைக் கூறுவன. அம்முடிவுகள் விளம்பரங்களாக மாறி, மாத்திரைப் புட்டிகளின் மீது ஏறி, நோயாளரிடம் வந்து சேர்கின்றன. ஆதலின், கண்ணாடிக் கிண்ணத்திற் கண்ட உண்மை எத்துணை, மனித உடலிற் கண்ட உண்மை எத்துணை என்று பகுத்தறிதல் கற்றார் கடனாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண், உடலைக் காக்கும் அணுக்கள் எவை என அறிதல் வேண்டும். 1882ஆம் ஆண்டில் மெச்னிக்காப் என்னும் ருஷிய அறிஞர், இத்தாலியிலுள்ள மெசினா நகரில், ஊடுருவி நோக்கத்தக்க நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றின் உடலில் சிறு முட்களைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நோக்க, அம்முட்களைச் சூழ்ந்து நடமாடும் அணுக்கள் திரண்டு நின்றன. அந்நியப் பொருளை வளைத்து விழுங்கும் அவ்வணுக்களே உடலின் காவற்படை என அவர் துணிந்தார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1908ஆம் ஆண்டில் எர்லிக் என்பாரோடு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நம் உடலிலும் உள்ள அத்தகைய அணுக்களுட் பெரியவற்றைப் பெருவிழுங்கணுக்கள் என்போம்.

பெருவிழுங்கணு கிருமியை எதிர்ப்பட்டவுடன் இரண்டு செயல்களைப் புரிகின்றது. ஒன்று, பிராணவாயுவினின்றும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய கடும் பொருள்களையும், நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவையும் ஆக்கிக் கிருமியைத் தாக்குதல். மற்றொன்று, பிற அணுக்களை அழைக்கும் தூதுப் பொருள்களை வெளிவிடுதல். இவற்றின் விளைவாகவே காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, வெப்பமுற்று, நோகின்றது. இதனையே அழற்சி என்பர். அழற்சி தன்னளவில் தீயதன்று. அஃதின்றேல் சிறு முள்ளும் நம் உயிரைக் கவரக்கூடும். ஆயின், போர் முடிந்த பின்னும் படை கலையாது நிற்குமாயின், பகைவர்க்கென எடுத்த ஆயுதம் சொந்த ஊரையே அழிக்கும். முடக்குவாதத்தில் மூட்டுகள் அழிவது இவ்வாறே.

இனி மஞ்சளுக்கு வருவோம். அதன் நிறத்திற்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருளை 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதன் இரசாயன அமைப்பு 1910ஆம் ஆண்டில் துணியப்பட்டது. உலர்ந்த மஞ்சளில் இஃது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே உள்ளது. தன்னிடமுள்ள ஹைட்ரஜனை எளிதில் ஈந்து, மேற்கூறிய கடும் பொருள்களின் வேகத்தைத் தணிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. 1995ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர், கிருமியின் புறத்தோற் பொருளால் தூண்டப்பட்ட எலியின் பெருவிழுங்கணுக்களில் குர்க்குமினைச் சேர்த்தபோது, நைட்ரிக் ஆக்ஸைடின் உற்பத்தி குறைந்ததைக் கண்டனர். தூதுப் பொருள்களும் அவ்வாறே குறைந்தன எனப் பிற ஆராய்ச்சிச் சாலைகளும் அறிவித்தன.

இத்தகைய சோதனையை எங்ஙனம் மதிப்பது? மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். சாரம் கரைந்துள்ள திரவத்தை மட்டும் பெற்ற அணுக்களோடு ஒப்பிட்டனரோ என்பது முதலாவது. அணுக்கள் உயிரோடிருந்தனவோ என்பது இரண்டாவது. இறந்த அணுவும் நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்காதன்றோ? அளவு காட்டும் நிறத்தை மஞ்சளின் சொந்த நிறம் கெடுத்ததோ என்பது மூன்றாவது. அன்றியும், குர்க்குமின் நிலையற்ற பொருள். இரத்தத்தை யொத்த காரத்தன்மையும் உடல் வெப்பமும் உடைய வெறும் நீர்மத்தில் அரை மணி நேரத்திற்குள் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகின்றது.

கிண்ணத்தினின்றும் உடலுக்குச் செல்லும்போது தடை மேலும் பெரிதாகின்றது. குடல் இதனை மிகக் குறைவாகவே ஏற்கின்றது. ஏற்றதனையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகின்றது. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த பெங்களூர் ஆராய்ச்சி ஒன்றில், 2 கிராம் குர்க்குமின் உண்டவர் இரத்தத்தில் அது காணுதற்கும் அரிதாயிருந்தது. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அவ்வளவு 20 மடங்கு உயர்ந்தது. ஆயின், கல்லீரலின் தொழிலைத் தடுத்தே பைப்பரின் இதனைச் செய்கின்றது. அத்தடை பிற மருந்துகளின் அளவையும் உடலில் உயர்த்தக்கூடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் மருத்துவர் பதிவு செய்துள்ளனர். கறியில் இடும் சிறிதளவு மஞ்சளை இதனோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது.

மனிதரிடம் கண்ட பயன் யாது? 2017ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் சிலர் முந்திய ஆராய்ச்சிகளைத் திரட்டி நோக்கி, குர்க்குமின் பல சோதனைகளிற் பொய்க்குறி காட்டும் இயல்புடையது என்றும், முறைப்படி நடந்த மனிதச் சோதனை எதுவும் அதன் வெற்றியை நாட்டவில்லை என்றும் எழுதினர். பின்னர் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த டாஸ்மேனியா ஆராய்ச்சி ஒன்றில், முழங்கால் மூட்டு நோயுடைய 70 பேர் 12 வாரம் சோதிக்கப்பட்டனர். மஞ்சட் சாரம் பெற்றவர்க்கு வலி சிறிது அதிகமாகத் தணிந்தது. ஆயின் மூட்டின் வீக்கத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இதுவே நேர்மையான நிலை: முற்றும் வீணுமன்று, விளம்பரம் கூறும் அமிர்தமுமன்று.

‘பயன் இல்லையேனும் தீங்கு யாது?’ என்று வினவுவார் உளர். அவர்க்குப் பின்லாந்து தேசத்துச் செய்தி ஒன்று விடையாகும். காய்கனிகளில் உள்ள பீட்டா கரோட்டினும் மஞ்சளின் சாரம் போலவே கடும் பொருள்களைத் தணிப்பது. அது புற்றுநோயைத் தடுக்கும் என நம்பி, புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் சோதித்தனர். 1994ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. அதனை உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் மிகுந்தே காணப்பட்டது. கிண்ணத்தில் நன்மை செய்வதெல்லாம் உடலிலும் நன்மை செய்யும் என்று எண்ணியதன் விலை இது.

முன்னோர் பேணிய மூலிகைகளை இகழ்தல் நம் கருத்தன்று. அவற்றைச் சோதனைக்கு உட்படுத்துதலே அவற்றிற்கு நாம் செய்யும் மரியாதை. ‘இம்மூலிகை அழற்சியைத் தணிக்கும்’ என்று எவரேனும் கூறின், ‘கிண்ணத்திலோ, எலியிலோ, மனிதரிலோ? எவ்வளவில்? எதனோடு ஒப்பிட்டு?’ என்று மாணவ நண்பர்கள் பணிவோடு வினவுக. வைத்தியர் அளித்த மருந்தை நிறுத்திவிட்டுச் சாரப் புட்டியை நாடும் உறவினர் எவரேனும் இல்லத்தில் இருப்பின், இவ்வினாக்களை அவர் முன்னும் வைக்க. ஒருயிரையேனும் அவை காக்குமாயின், நாம் கற்ற கல்வி பயனுடையதாகும்.